கேம் எப்போது திக்குகிறது? மேசைக் கணினியில் ஸ்டட்டரைத் தேடிப் பிடிக்கும் வழி

கிராஃபிக்ஸ் கார்டு நல்ல கார்டுதான். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம், வருகிறது என்ற எண்) 90 என்று காட்டுகிறது. ஆனாலும் கேம் நடுநடுவே ஒரு கணம் நின்று நின்று போகிறது. இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: எஃப்பிஎஸ் மொத்தமாகக் குறைவாக இருந்தால்கூடக் கண் பழகிவிடும், விட்டு விட்டு வரும் திக்கலுக்கு, அதாவது ஸ்டட்டருக்கு, பழகவே பழகாது. உடனே பலரும் செய்வது, வீடியோக்களில் சொல்லும் இருபது செட்டிங்குகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது. அப்படிச் செய்தால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டுப்போனாலும் எதனால் கெட்டது என்று தெரியாது.

நான் பல வருடங்களாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வழி வேறு. ஸ்டட்டருக்குக் காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு காரணத்துக்கும் அது தலைகாட்டும் நேரம் ஒன்று உண்டு. ஒன்று முதல் தடவை மட்டும் வரும். ஒன்று அரை மணி நேரம் கழித்து வரும். ஒன்று கடிகார முள் மாதிரி ஒழுங்காக வரும். அதனால் ஏன் என்று கேட்பதற்கு முன்னால் எப்போது என்று கேளுங்கள். கீழே அறிகுறிவாரியாகத்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## இது ஸ்டட்டர்தானா?

'கேம் லேக் ஆகுது' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன.

எப்போதுமே படம் மெதுவாக, கனமாக நகர்ந்தால் அது குறைந்த எஃப்பிஎஸ். கார்டுக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். ரெசல்யூஷனையோ நிழல்களின் தரத்தையோ குறைத்தால் தீரும்.

நீங்கள் கேமராவைத் திருப்பும்போது படம் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் மற்ற வீரர்கள் மட்டும் இடம் விட்டு இடம் குதிக்கிறார்கள், ஓடிய நீங்களே சில அடி பின்னால் இழுக்கப்படுகிறீர்கள் என்றால் அது நெட்வொர்க். இதைச் சோதிக்க எளிய வழி, அதே கேமில் பயிற்சி மைதானம் மாதிரி ஆஃப்லைனில் ஓடும் பகுதி இருந்தால் அங்கே பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பது. அங்கே ஒன்றும் இல்லையென்றால் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் நம் ஆள்: படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃப்ரேம் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு தாமதமாக வருவது.

## முதலில் அளக்க வேண்டும்

எஃப்பிஎஸ் கவுண்டர் காட்டுவது ஒரு சராசரி. ஒரு நொடிக்குள் 58 ஃப்ரேம்கள் தலா 15 மில்லிசெகண்டில் வந்து, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 130 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். கூட்டினால் சரியாக ஒரு நொடி, 59 ஃப்ரேம்கள். கவுண்டர் 59 என்று காட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் அந்த 130 மில்லிசெகண்டும் திரை உறைந்து நின்றது, உங்கள் கை அதை உணர்ந்தது. இதை எண்களோடு எடுத்துக் காட்டியவர் ஸ்காட் வாசன். 2011-இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், கார்டுகளைச் சோதிப்பவர்கள் ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை, அதாவது ஃப்ரேம் டைமை, அளக்கும் பழக்கத்துக்கு வந்தார்கள்.

நீங்களும் அதையே அளக்க வேண்டும். கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளும் அதோடு சேர்ந்து வரும் ரிவாட்யூனரும் போதும். மானிட்டரிங் பகுதியில் ஃப்ரேம் டைமைத் தேர்ந்தெடுத்து, அதை எண்ணாக இல்லாமல் கிராஃபாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கூடவே கார்டின் பயன்பாடு, விரேம் (கார்டின் சொந்த நினைவகம்), ரேம், சிபியுவின் வேகம், இரண்டின் வெப்பநிலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144-இல் 6.9 மில்லிசெகண்ட். கோடு அந்த உயரத்தில் தட்டையாகப் போக வேண்டும். திக்கும்போது அதிலிருந்து ஒரு முள் எழும். பதிவு செய்து பிறகு நிதானமாகப் பார்க்க விரும்பினால் கேப்ஃப்ரேம்எக்ஸ் நல்ல கருவி.

இப்போது கேமில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிடம் ஓடும் பாதை, திக்கும் இடம் அதில் இருக்க வேண்டும். அதே பாதையில் மூன்று தடவை போங்கள். முள் எங்கே எழுகிறது, ஒவ்வொரு தடவையும் அங்கேயேவா, அந்த நேரத்தில் மற்ற எண்கள் என்ன சொல்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் வீணாகும் பல மணி நேரத்தை இந்தப் பத்து நிமிடம் மிச்சப்படுத்தும். இனிமேல் எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதற்குப் பிறகு அதே பாதையில் ஒரு ஓட்டம்.

## முதல் தடவை மட்டும் திக்குகிறது, இரண்டாம் தடவை இல்லை

புது ஆயுதத்தை முதல் முறை சுடும்போது ஒரு வெட்டு. முதல் வெடிப்பு, முதல் மழை, புது எதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு. அதே காட்சிக்குத் திரும்பிப் போனால் பட்டு மாதிரி ஓடுகிறது. இப்படி இருந்தால் காரணம் ஷேடர் கம்பைலேஷன் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ஒளி எப்படி விழ வேண்டும், புகை எப்படிக் கலைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள்தான் ஷேடர்கள். கன்சோல்களில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சிப் என்பதால் அவற்றை முன்கூட்டியே தயாராக்கி அனுப்பிவிடலாம். கணினியில் யாரிடம் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று கேமை உருவாக்கியவர்களுக்குத் தெரியாது. அதனால் உங்கள் கார்டுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் வேலை உங்கள் கணினியில்தான் நடந்தாக வேண்டும். கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டிலும் எதை எப்போது தயாரிப்பது என்ற பொறுப்பு பெரும்பாலும் கேமின் கைக்கு வந்துவிட்டது. கேம் அதை முன்னாலேயே செய்யாவிட்டால், அந்த ஷேடர் தேவைப்படும் கணத்திலேயே சிபியு உட்கார்ந்து தயாரிக்கும். அது முடியும்வரை ஃப்ரேம் காத்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

கேம் தொடங்கும்போது 'ஷேடர்கள் தயாராகின்றன' என்று ஒரு கோடு ஓடினால் அது முடியும்வரை பொறுத்திருங்கள். சில கேம்கள் அதைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போக அனுமதிக்கும். போகாதீர்கள். லினக்ஸில் ஸ்டீம் செய்யும் வல்கன் ஷேடர் தயாரிப்புக்கும் இதே அறிவுரைதான்.

என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் (தயாரான ஷேடர்களைச் சேமித்துவைக்கும் இடம்) அளவை 10 ஜிபியோ அதற்கு மேலோ வையுங்கள். கேஷ் நிரம்பிவிட்டால் பழையவை தூக்கி எறியப்படும், மறுபடியும் தயாரிக்க வேண்டிவரும். விண்டோஸ் இருக்கும் டிரைவில் இடமும் இருக்கட்டும்.

டிரைவரை அப்டேட் செய்த அன்று எல்லா ஷேடர்களும் புதிதாகத் தயாராக வேண்டும், ஆகவே முதல் ஒரு மணி நேரத் திக்கலை வைத்துப் புது டிரைவரைப் பழி சொல்ல வேண்டாம். ஷேடர் கேஷை அடிக்கடி அழிக்கச் சொல்லும் அறிவுரை நிறைய உலவுகிறது. அது நோயைப் புதுப்பிக்கும் மருந்து. டிரைவர் மாற்றிய பிறகு ஒரு கேமில் மட்டும் திக்கல் நாள்கணக்கில் தீராமல் இருந்தால், கேஷ் கெட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஒரே ஒரு தடவை அழிக்கலாம்.

கேம் டைரக்ட்எக்ஸ் 11, 12 இரண்டையும் தந்தால் 11-இல் ஓட்டிப் பாருங்கள். அங்கே இந்த வகைத் திக்கல் பல கேம்களில் குறைவு.

இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் இருந்தால் அது கேமுக்குள் இருக்கும் குறை. உங்கள் கணினியைப் பிரித்துப் போட்டுத் தேட வேண்டாம்.

## புது இடத்துக்குள் நுழையும்போது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்

இதுவும் மேலே சொன்னதும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வித்தியாசம், இது இரண்டாம் தடவையும் வரும், மூன்றாம் தடவையும் வரும். ஒரு பாலத்தைத் தாண்டினால், ஒரு கதவைத் திறந்தால், வாகனத்தில் வேகமாகப் போனால். கேம் அடுத்த பகுதியை டிஸ்கில் இருந்து எடுத்து நினைவகத்தில் அடுக்குகிறது, அந்த அடுக்கும் வேலை ஃப்ரேமைத் தடுக்கிறது.

கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு முழுச் சுற்றுக்கு எடுத்துக்கொள்வதே 8.3 மில்லிசெகண்ட், முனை நகரும் நேரம் அதற்கு மேல். சிதறிக் கிடக்கும் நூறு கோப்புகளைத் தேடி எடுப்பதற்குள் எத்தனை ஃப்ரேம்கள் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எஸ்எஸ்டி என்றால், அது கழுத்துவரை நிரம்பியிருக்கிறதா, பின்னணியில் வேறொரு கேம் டவுன்லோடு ஆகிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு உச்சவரம்பு வைப்பதுதான் நம் கையில் இருக்கும் மருந்து. 100 முதல் 140 வரை அலைபாயும் கேமை 90-இல் கட்டிவைத்தால் சிபியுவுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், முள்ளின் உயரமும் கொஞ்சம் குறையும். முழுதாகப் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன்.

## அரை மணி நேரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் மோசமாகிறது

இதில் மூன்று சந்தேக நபர்கள். முதல் சந்தேகம் விரேம்.

டாஸ்க் மேனேஜரில் கார்டின் பக்கத்தைத் திறந்தால் கார்டுக்கே உரிய நினைவகம், பகிர்ந்துகொள்ளும் நினைவகம் என்று இரண்டு கிராஃப்கள் தெரியும். முதலாவது விளிம்பைத் தொட்டு நிற்க, இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் விடை கிடைத்துவிட்டது. கார்டில் இடம் போதாமல் பொருள்கள் ரேமுக்குத் தள்ளப்படுகின்றன. 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டுக்குள் இருக்கும் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 272 ஜிபி. ஆனால் மதர்போர்டு வழியாக ரேமைத் தொட வேண்டுமென்றால் அதற்கு இருப்பது பிசிஐஇ 4.0 பாதையின் எட்டு லேன்கள், நொடிக்குச் சுமார் 16 ஜிபி. அகலச் சாலையில் போய்க்கொண்டிருந்த வண்டியை ஒற்றையடிப் பாதைக்குத் திருப்பியது போலத்தான். பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அதுவும் பாதியாகும். 4 ஜிபியும் நான்கே லேன்களும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 2022-இல் வந்தபோது பழைய போர்டுகளில் அது பட்ட பாட்டுக்கு இதுதான் காரணம்.

டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்கள்) தரத்தை ஒரு படி இறக்குங்கள். நிழலையோ மற்றவற்றையோ தொட வேண்டாம், விரேமைத் தின்பதில் டெக்ஸ்சர்தான் முதல். ஒளியின் போக்கைக் கணக்கிடும் ரே ட்ரேசிங்கும், நடுவே செயற்கை ஃப்ரேம்களைச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷனும்கூடத் தங்களுக்கென்று விரேம் கேட்கும். முக்கியமாக, மாற்றிய பிறகு கேமை மூடித் திறந்து சோதியுங்கள். பல கேம்கள் ஓட்டத்தின் நடுவே டெக்ஸ்சரை இறக்கினாலும் பழையதை முழுக்க விடுவிப்பதில்லை. பலர் 'குறைத்துப் பார்த்தேன், பயனில்லை' என்று சொல்வது இதனால்தான். பிரவுசர், இரண்டாம் மானிட்டரில் ஓடும் வீடியோ இவையும் விரேமில் பங்கு கேட்கும், மூடிப் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் வெப்பம். இங்கே வெறும் டிகிரியைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ரைசன் 7000 வரிசைச் சிப்புகள் முழு வேலையில் 95 டிகிரிவரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெல் சிப்புகள் பலவற்றுக்கு எல்லை 100. பார்க்க வேண்டியது வேகத்தை. திக்கல் தொடங்கும் நேரத்தில் சிபியுவோ கார்டோ தன் வேகத்தைச் சட்டென்று கீழே போட்டு மறுபடி ஏற்றினால்தான் அது சூட்டினால் வரும் தடுமாற்றம். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே அரை மணி நேரம் ஓட்டுங்கள். திக்கல் தள்ளிப்போனால் காற்றோட்டம் போதவில்லை: தூசியை எடுங்கள், ஃபேன்களின் திசையைச் சரிபாருங்கள், கூலரைப் பல வருடமாகத் தொடவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள்.

மூன்றாவது ரேம். மொத்தப் பயன்பாடு மேலே முட்டியிருந்தால் விண்டோஸ் டிஸ்குக்கும் ரேமுக்கும் நடுவே பொருள்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் இடத்தை) அணைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், திக்கலோடு இருந்த கேம் அப்புறம் மூடிக்கொள்ளவும் தொடங்கும். கேமை மூடித் திறந்தால் ஒவ்வொரு தடவையும் சரியாகி, மறுபடி மெல்ல மெல்ல ரேம் ஏறினால் அது கேம் நினைவகத்தைக் கசியவிடுவது. அதற்கு அப்டேட் வரும்வரை மூடித் திறப்பதுதான் வழி.

## ஒழுங்கான இடைவெளியில் திக்குகிறது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் குற்றவாளி தன் முகவரியைத் தானே கொடுத்துவிடுகிறான். இரண்டு நொடிக்கு ஒரு தடவை, பத்து நொடிக்கு ஒரு தடவை என்று முள் சீராக எழுந்தால், கேமின் காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் வரும். பின்னணியில் ஏதோ ஒரு நிரல் கடிகாரம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது.

என் கணினியில் ஒருமுறை இப்படித்தான் வந்தது. எல்லா கேமிலும், ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒரு முள். டிரைவரை மாற்றினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், ஒரு வாரம் போனது. கடைசியில் பார்த்தால் ரேம் விளக்குகளின் நிறத்தை மாற்ற நான் நிறுவியிருந்த சின்ன மென்பொருள். அது சென்சார்களையும் விளக்குகளையும் திரும்பத் திரும்ப விசாரித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கிய கணம் கோடு தட்டையானது. அன்றுமுதல் யார் இந்த அறிகுறியைச் சொன்னாலும் விளக்கு மென்பொருள், ஃபேன் கட்டுப்படுத்தும் மென்பொருள், வெப்பம் காட்டும் மென்பொருள் இவற்றைத்தான் முதலில் மூடச் சொல்கிறேன். அளப்பதற்காக நாம் போட்ட ஆஃப்டர்பர்னருக்கும் இது பொருந்தும். அதன் விசாரிக்கும் இடைவெளி 1000 மில்லிசெகண்டில் இருக்கட்டும், அதைவிடக் குறைத்தால் அதுவே சிக்கலாகலாம். இரண்டு மூன்று மானிட்டரிங் மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

எது என்று தெரியவில்லையா? பாதி பாதியாகப் பிரியுங்கள். எம்எஸ்கான்ஃபிக் கருவியில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு மற்ற சேவைகளையெல்லாம் நிறுத்துங்கள், டாஸ்க் மேனேஜரில் தொடக்க நிரல்களையும் நிறுத்துங்கள், கணினியை மறுபடி தொடங்குங்கள். திக்கல் போய்விட்டதென்றால் பாதிச் சேவைகளைத் திரும்ப இயக்குங்கள். வந்தால் அந்தப் பாதியில் இருக்கிறது, வராவிட்டால் மறுபாதியில். 32 சேவைகள் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

இடைவெளி நிமிடக்கணக்கில் இருந்தால், கேம் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் வசதியைக் கவனியுங்கள். சேவ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை ஒன்டிரைவ் ஒத்திசைக்கிறதா, ஆன்டிவைரஸ் ஒவ்வொரு சேவ் கோப்பையும் திறந்து பார்க்கிறதா? ஒத்திசைவைக் கேம் ஆடும் நேரத்துக்கு நிறுத்திவைத்துப் பாருங்கள். கேமை அதிகாரப்பூர்வக் கடையில் இருந்து எடுத்திருந்தால் அதன் ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். விண்டோஸின் கேம் கேப்சரில் பின்னணிப் பதிவு இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

## நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது சில நொடிகள் உறைந்து, மறுபடி ஓடுகிறது

இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறீர்களா? கேம் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விண்டோஸ் பவர் திட்டத்தில், பயன்படாத டிஸ்கை 20 நிமிடத்தில் தூங்க வைக்கும் ஏற்பாடு வழக்கமாகவே இருக்கும். ஏதோ ஒரு நிரல் அதைத் தட்டி எழுப்பினால் அது சுழன்று வேகம் பிடிக்கும்வரை சில நொடிகள் எல்லாம் நிற்கும். காதை வைத்துக் கேட்டால் சுழலும் ஓசைகூடக் கேட்கும். அந்த 20-ஐ 0 ஆக்கினால் டிஸ்க் தூங்காது.

அப்படி எதுவும் இல்லையென்றால் டிஸ்கின் ஆரோக்கியத்தை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள். அது எச்சரிக்கை நிறம் காட்டினால் கேமை மறந்துவிட்டு முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள்.

## திக்கும்போது சத்தமும் சேர்ந்து கரகரக்கிறது

கேம் மட்டும் நிற்பதில்லை, பின்னால் ஓடும் பாட்டும் கீறல் விழுந்த மாதிரி கரகரக்கிறது, மவுஸ் அம்புக்குறியும் தள்ளாடுகிறது. இது கேமின் சிக்கல் அல்ல, கிராஃபிக்ஸ் செட்டிங்கைக் குறைப்பதில் பயன் இல்லை. மொத்தக் கணினியுமே சில மில்லிசெகண்ட் செயலற்றுப்போகிறது. ஏதோ ஒரு டிரைவர் சிபியுவை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள்.

லேட்டன்சிமான் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், அதிக நேரம் பிடித்துவைத்த டிரைவரின் பெயரைக் காட்டும். நெட்வொர்க் டிரைவர், ஆடியோ டிரைவர் இரண்டும் அடிக்கடி வரும் பெயர்கள். மதர்போர்டு தயாரிப்பாளர் தரும் புதிய டிரைவரைப் போடுங்கள். வைஃபையை டிவைஸ் மேனேஜரில் கொஞ்ச நேரம் முடக்கிவிட்டுச் சோதியுங்கள். யுஎஸ்பி கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், தொடர்பு விட்டு விட்டு வரும் ஒரு பழைய ஹப்கூட இதைச் செய்யும்.

ரைசன் கணினிக்கு ஒரு தனிக் குறிப்பு. எஃப்டிபிஎம் என்னும் பாதுகாப்பு வசதி மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்போடு பேசும்போது கணினி முழுதும் கணநேரம் திக்கும் குறை சில ரைசன் அமைப்புகளில் இருப்பதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. தீர்வு அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டாக வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய பயாஸிலேயே உங்கள் போர்டு இன்னும் இருந்தால் அப்டேட் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை இடைநிறுத்தி, அதன் மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் உங்கள் கோப்புகளே பூட்டிக்கொள்ளும்.

## மவுஸை அசைத்தால் மட்டும் திக்குகிறது

கன்ட்ரோலரில் கேமராவைத் திருப்பினால் வழுக்குகிறது, மவுஸில் திருப்பினால் திக்குகிறது. மவுஸின் போலிங் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை அது கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பதை, பாருங்கள். 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் ஒவ்வொரு 0.125 மில்லிசெகண்டுக்கும் சிபியுவைக் கூப்பிடுகிறது. பழைய சிபியுவும் சில கேம்களும் இதைத் தாங்குவதில்லை. 1000-க்கு இறக்குங்கள், அநேகமாக அதோடு தீர்ந்தது.

## ஃப்ரேம் டைம் கோடு தட்டை, ஆனாலும் கண்ணுக்கு வழுக்கலாக இல்லை

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் கண் ஏற்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் நம்புவேன். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சீரான 50 எஃப்பிஎஸ் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மானிட்டர் நொடிக்கு 60 தடவை படம் மாற்றும், வருவதோ 50. ஆகவே ஒவ்வொரு ஐந்து ஃப்ரேமிலும் ஒன்று இரண்டு தடவை காட்டப்படும். கேமரா மெல்லத் திரும்பும்போது அது நொடிக்குப் பத்து சின்ன இடறல்களாகத் தெரியும்.

உங்கள் மானிட்டரில் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மாதிரி மாறும் புதுப்பிப்பு வசதி இருந்தால் அது உண்மையிலேயே இயக்கத்தில் இருக்கிறதா என்று மானிட்டரின் மெனுவிலும் டிரைவரிலும் இரண்டு இடத்திலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் இயக்கிவிட்டு இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர். இயக்கிய பிறகு எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் உச்சத்துக்கு மூன்று நான்கு கீழே கட்டுங்கள், 144-க்கு 140 போல. உச்சத்தைத் தாண்டினால் அந்த வசதி கைவிட்டுவிடும்.

அந்த வசதி இல்லாத மானிட்டர் என்றால் எண்கள் வகுபட வேண்டும். 120 ஹெர்ட்ஸில் 60-ஓ 40-ஓ வையுங்கள். 40 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக மூன்று புதுப்பிப்புகள், 25 மில்லிசெகண்ட். வரம்பைக் கேமுக்குள்ளேயே வைப்பதில் கைக்கும் திரைக்கும் உள்ள தாமதம் குறைவு, ரிவாட்யூனரில் வைப்பதில் ஃப்ரேம்களின் இடைவெளி சீராக இருக்கும். திக்கல்தான் உங்கள் குறை என்றால் ரிவாட்யூனரை முதலில் முயலுங்கள்.

ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டிருந்தால் அதை அணைத்து அடியில் இருக்கும் உண்மையான எஃப்பிஎஸ்ஸைப் பாருங்கள். அது 35-இல் தடுமாறிக்கொண்டிருந்தால் மேலே 70 என்று காட்டுவதில் கைக்கு நிம்மதி வராது.

## கூட்டமான இடங்களில் மட்டும்

நகரத்தின் நடுவில், நூறு பேர் மோதும் போரில் மட்டும் திக்குகிறது, அப்போது கார்டின் பயன்பாடு 60 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. கார்டு சும்மா இருக்கிறது, சிபியு திணறுகிறது. சிபியுவின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தான் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம், கேமின் முக்கிய வேலை ஒரே கோரில் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும்.

கேமில் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், ரே ட்ரேசிங் மூன்றையும் இறக்குங்கள். ரெசல்யூஷனைக் குறைப்பதால் இங்கே ஒன்றும் ஆகாது. அப்புறம் சிபியு மாற்றும் யோசனைக்கு முன் ரேமைப் பாருங்கள். ஒரே ஒரு ஸ்டிக் போட்டிருந்தால், அல்லது இரண்டையும் தவறான ஸ்லாட்டில் போட்டிருந்தால், ரேம் பாதி அகலத்தில்தான் ஓடுகிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரட்டையில் 51.2 ஜிபி. நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் சிபியுவில் இருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். போர்டின் கையேட்டில் படம் போட்டிருக்கும். அடுத்து, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பு பயாஸில் இயக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 3200 என்று அட்டையில் அச்சிட்ட ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். நண்பர் ஒருவர் புதுச் சிபியு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். இந்த இரண்டையும் சரிசெய்ததில் அவருடைய பழைய சிபியுவே போதும் என்று ஆனது.

## தொட வேண்டாதவை

ரெஜிஸ்ட்ரியில் டைமர் எண்களை மாற்றுவது, ரேமைச் 'சுத்தம்' செய்யும் மென்பொருள்கள், கேம் பூஸ்டர்கள், பெயர் தெரியாத யாரோ எழுதிய ஸ்கிரிப்டை அட்மின் அனுமதியோடு ஓட்டுவது, இவை வேண்டாம். ரேமைச் சுத்தம் செய்யும் மென்பொருள் கேம் பயன்படுத்திக்கொண்டிருப்பதையே வெளியே தள்ளி அதைத் திரும்ப எடுக்க வைக்கும், அதாவது புதிதாக ஒரு திக்கல். விண்டோஸின் பாதுகாப்பு வசதிகளை அணைப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். சராசரி எஃப்பிஎஸ்ஸில் சிறிது கிடைக்கலாம், ஆனால் நாம் தேடுவது சராசரியை அல்லவே.

## எதிலும் அடங்கவில்லை என்றால்

கார்டின் டிரைவரை டிடியு கருவியால் சேஃப் மோடில் முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஜிபியு-இசட்டில் கார்டு எத்தனை லேனில் ஓடுகிறது என்று, கார்டுக்கு வேலை கொடுத்துக்கொண்டே பாருங்கள். 16 இருக்க வேண்டிய இடத்தில் 4 என்று வந்தால் கார்டு தவறான ஸ்லாட்டில் இருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை, அல்லது ரைசர் கேபிள் பழுது.

அதுவும் சரியாக இருந்தால், கையில் இருக்கும் வேறொரு எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பழையதைத் தொட வேண்டாம், அதன் கேபிளை மட்டும் கழற்றி வையுங்கள். புது விண்டோஸில் டிரைவர், அந்த ஒரு கேம், ஆஃப்டர்பர்னர் தவிர வேறொன்றும் வேண்டாம். தாளில் குறித்துவைத்த அதே இரண்டு நிமிடப் பாதையில் ஓட்டுங்கள். கோடு தட்டையானால் சிக்கல் பழைய விண்டோஸில் இருக்கிறது, உங்கள் மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் புதியதில் நிறுவிக்கொண்டே வாருங்கள், எது வந்ததும் முள் எழுகிறது என்று தெரிந்துவிடும். புதியதிலும் அதே முள் எழுந்தால் எக்ஸ்எம்பியை அணைத்து ஒரு ஓட்டம், ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கோடு ஒரு ஓட்டம், மற்ற ஸ்டிக்கோடு ஒரு ஓட்டம், பிறகு நண்பரின் கார்டை இரவல் வாங்கி ஒரு ஓட்டம், கடைசியாகப் பவர் சப்ளையை மாற்றி ஒரு ஓட்டம் என்று இதே வரிசையில் போங்கள்.